பத்தாவது சத்தம்

மைதானத்துக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

நான் வேலையை விட்டு நின்ற அன்றைக்கு என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்து, "ஆச்சி, எங்களுக்கு ரெண்டு வார்த்த சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினீர்கள். நான் எழுந்தேன். மைக்கைப் பார்த்தேன். கையிலிருந்த டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் கைதட்டினீர்கள். எதற்குத் தட்டினீர்கள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்தக் குணத்தால் நான் செய்த ஒரு தப்பைத்தான் அன்றைக்குச் சொல்ல இருந்தேன். இனி சுற்று எண்ணுகிற வேலை உங்களுடையது. அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்பு எழுத்து, பொறுத்துப் படியுங்கள்.

நான் முதலில் வந்தது பெருக்குகிற வேலைக்கு. தென்காசியிலிருந்து இலத்தூர் போகிற பக்கம் அந்தத் தரிசு நிலத்தைச் சுபேதார் ஐயா பிடித்து, சுற்றிலும் ஓட்டப்பாதை போட்டிருந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் விடிவதற்கு முன்னால் சைக்கிளிலும் பைக்கிலும் வந்து சேரும். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது ஓட்டத்தில் தேறவேண்டும், அதற்கான பழக்கம். பாதையில் முள் கிடக்கக் கூடாது, கண்ணாடிச் சில்லு கிடக்கக் கூடாது. அதற்கு நான்.

அந்தப் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு எப்போதும் ஒரு மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் விட்டுவிட்டது, வேலை இன்னும் வரவில்லை. நடுவில் ஒரு வருடம், ரெண்டு வருடம். நம் ஊர்ச் சாரல் போலத்தான் அந்தக் காலமும். மழை என்று குடை பிடிக்கவும் முடியாது, வெயில் என்று துணி காயப்போடவும் முடியாது. வீட்டில் எழுப்ப ஆள் இல்லாமலே எழுந்து வருவார்கள். பாதித் தூக்கத்தில் ஓடுவார்கள். மலையிலிருந்து மேகம் இறங்கி மைதானத்தில் கிடக்கும். அதற்குள் போவார்கள், வருவார்கள். சிலநாள் எனக்கே சந்தேகம் வரும், போனவன்தான் திரும்பி வருகிறானா என்று.

எண்ணுகிற வேலை தற்செயலாக வந்தது. மைதானத்தை நாலு சுற்று சுற்றவேண்டும், ஐந்தரை நிமிடத்துக்குள். ஒரு தடவைக்குப் பத்துப் பேர். கூட்டத்தில் யார் எத்தனை சுற்று வந்தான் என்று சுபேதார் ஐயாவுக்கும் பையன்களுக்கும் தினமும் சண்டை. ஒருநாள் நான் கோட்டுக்குப் பக்கத்தில் பத்துத் தேங்காய்ச் சிரட்டையை வரிசையாக வைத்துக்கொண்டு, அவரவர் சட்டை எண்ணைப் பார்த்து, கோட்டைத் தாண்டும்போது அவரவர் சிரட்டையில் ஒரு புளியங்கொட்டை போட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. சும்மா இருக்க முடியாமல் செய்தேன். சுபேதார் ஐயா வந்து குனிந்து பார்த்தார்.

"யாரு போட்டது?"

நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நாளைல இருந்து இதுதான் ஒனக்கு வேலை. பெருக்கதுக்கு வேற ஆளு பாக்கேன்" என்றார். அன்றைக்கு எனக்குச் சிரட்டை ஆச்சி என்று பெயர் விழுந்தது.

முதல் வருடத்திலேயே ஒரு தப்புச் செய்தேன். சுடலை என்று ஒரு பையன், ஒல்லிக்குச்சி. அவன் சிரட்டையில் ஒரு கொட்டை போட மறந்துவிட்டேன். அவன் நாலு சுற்றும் முடித்து, இடுப்பில் கையை வைத்து, நாக்குத் தள்ள வந்து நின்றான். சுபேதார் ஐயா சிரட்டையை எட்டிப் பார்த்தார். மூன்று கொட்டை.

"ஏலே, இன்னும் ஒண்ணு கெடக்கு. ஓடு."

"ஐயா, நாலும் முடிச்சிட்டேன்யா."

"சிரட்டை பொய் சொல்லுதாக்கும்? ஓடுலே!"

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். மறந்தது நான்தான் என்று தொண்டைவரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. அவன் ஐந்தாவது சுற்றும் ஓடினான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பையன் அந்த வருடமே தேறிப்போனான். பயிற்சி முடிந்து முதல் லீவில் மைதானத்துக்கு வந்தான். தலையில் முடி இல்லை, முகத்தில் சதை இல்லை, கண் மட்டும் பழைய கண். என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பேசினான்.

"முடிவெட்டுன அன்னைக்குக் கண்ணாடில எங்க யாரையும் எங்களுக்கே தெரியல ஆச்சி. பக்கத்துல நிக்கவன்கிட்ட, 'ஏலே, இதுல நான் யாருலே'ன்னு கேட்டேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. அவனும் அவன் பாஷைல அதையேதான் கேக்கான் போல."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

"ஓடுதது பெருசில்ல ஆச்சி. நடக்கப் படிக்கதுதான் பெரும்பாடு. நூறு பேரு நடந்தாலும் ஒரு ஆளு நடக்க மாதிரி கேக்கணும். ஒருத்தன் காலு பிந்திட்டுன்னா அத்தன பேருக்கும் தண்டன. இப்பம் தனியா நடந்தாலும் பக்கத்துல தொண்ணூத்தொம்பது பேரு வாற மாதிரியே இருக்கு."

பிறகு அவனே சொன்னான்: "அன்னைக்கு அஞ்சாவது ரவுண்டு ஓடவச்சாருல்லா, அதுதான் அங்கன எனக்குக் கை குடுத்துச்சு. எல்லாவனும் முடிஞ்சிட்டுன்னு விழுகையில எங்காலு மட்டும் இன்னும் ஒண்ணு இருக்குன்னு நெனச்சிக்கிடும்."

"எய்யா, அது நான் கொட்ட போட மறந்தது" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது.

"தெரியும்லா ஆச்சி" என்று சிரித்துக்கொண்டே போனான். அவன் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எனக்கு ஒவ்வொரு பையனின் காலடியும் தனித்தனியாகத் தெரியும். அது சுடலையின் காலடி இல்லை. வேறு யாரோ சீராக நடந்து போனார்கள். பட்டாளம் முதலில் மாற்றுவது காலைத்தான் போலிருக்கிறது.

இதிலிருந்து நான் படித்த பாடம்தான் தப்பான பாடம். ஒரு கொட்டை குறைத்துப் போட்டதற்கே என் மனது அந்தப் பாடுபட்டது. இனி கூடக்குறைய ஆனால், கூடப் போடுகிற பக்கம்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அது ஈரம் போலத் தெரிந்தது.

இனி மாரி கதைக்கு வருகிறேன்.

மாரி சுந்தரபாண்டியபுரத்துக்காரன். சூரியகாந்தி பூத்த நேரத்தில் அவன் அம்மாவுக்குக் காட்டில் களையெடுப்பைவிடக் காவல்தான் பெரிய வேலை. போட்டோ எடுக்க வருகிறவர்கள் செடியை மிதித்துவிடுவார்கள். கையில் கம்போடு நிற்பாள். மாரிக்கு அது கடைசி வருடம். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது அவனுக்கு வயது தாண்டிவிடும். ரெண்டு தடவை போய் ஓட்டத்திலேயே திரும்பி வந்தவன். படிப்பு, உயரம், நெஞ்சளவு எல்லாம் சரி. ஓட்டம் ஐந்து நிமிடம் நாற்பது நொடிக்குக் கீழே இறங்கவில்லை. இடது கால் அவனுக்குக் கனமாக விழும்.

"ஏலே மாரி, ஓடுதியா, கல்யாண ஊர்வலம் போறியா?" என்று சுபேதார் ஐயா கத்துவார்.

"பொண்ணு பாத்துக் குடுங்கய்யா, ஊர்வலமே போறேன்" என்பான் மூச்சுக்கு நடுவில். அப்படி ஒரு பிள்ளை.

இப்போது அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். நாம் உட்காருகிற கோட்டுக்கு நேர் எதிரே, பனைமரங்கள் நிற்கிற கடைசியில், வாய்க்கால் பாதையைக் குறுக்கே தாண்டும். அதன்மேல் பெரிய கல்பலகை போட்டிருக்கும். மிதிக்காமல் தாண்ட முடியாத அகலம். அதன் ஒரு மூலை ஆடும். யார் கால் பட்டாலும் 'டொக்' என்று ஒரு சத்தம். வெயில் நாளில் யாருக்கும் அது கேட்காது, கண் பார்த்துக்கொண்டே இருப்பதால். ஆனி ஆடியில் சாரல் விழுந்து, மேகம் இறங்கி, பனைமரமே மறைந்துபோகிற நாளில் எனக்கு வேறு என்ன இருக்கிறது? பத்துப் பேர் வெள்ளைக்குள் போய்விடுவார்கள். கொஞ்சநேரம் ஒன்றும் இருக்காது. செங்கோட்டைக் கணவாய்க் காற்று மட்டும் வரும். பிறகு தூரத்தில் டொக், டொக், டொக். பத்து. பத்து விழுந்ததும் என் நெஞ்சு அமரும். பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள். மாரியின் கால் பட்டால் மட்டும் கல் ஒரு தடவையில் அடங்காது. டொக்-டொக் என்று ரெண்டு தடவை ஆடித்தான் நிற்கும்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படி ஒரு விஷயமாகவும் தெரியவில்லை.

அன்றைக்கு நல்ல சாரல். மாரியின் அம்மா ஒரு பழத்தாரைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு மகன் ஓடுவதைப் பார்க்க வந்திருந்தாள். என் பக்கத்தில் நின்றாள். முதல் சுற்று, பத்துச் சத்தம். ரெண்டாவது சுற்று, பத்து. மூன்றாவது சுற்றில் ஒன்பது விழுந்தது. பத்தாவதுக்காகக் காதை நீட்டினேன். வரவில்லை. யாராவது விழுந்துவிட்டானோ என்று எழுந்து நின்றேன். அப்போது வெள்ளைக்குள்ளிருந்து பையன்கள் வர ஆரம்பித்தார்கள், ஒவ்வொருவனாக. பத்துப் பேரும் வந்தார்கள். மாரி நடுவில் வந்தான். எப்போதும் கடைசியில் வருகிறவன்.

கேட்காமல் போனது டொக்-டொக் என்கிற சத்தம். அவன் பனைமரம்வரை போகவில்லை. மேகத்துக்குள் புல்லில் இறங்கி, மைதானத்தைக் குறுக்கே வெட்டி, அந்தப் பக்கத்துப் பாதையில் சேர்ந்துவிட்டான்.

நாலாவது சுற்றில் பத்தும் விழுந்தது. கோட்டைத் தாண்டினான். சுபேதார் ஐயா கடிகாரத்தை ரெண்டு தடவை பார்த்தார்.

"அஞ்சு நிமிசம் இருவத்தாறு! ஏலே மூதி, எங்கலே வச்சிருந்த இத்தன நாளா இந்தக் கால?"

பையன்கள் அவனைத் தூக்கிவிட்டார்கள். அவன் அம்மா அழுதாள். அழுதுகொண்டே பழத்தைப் பிய்த்துப் பிய்த்து எல்லார் கையிலும் கொடுத்தாள். என் கையிலும் ஒன்று. என் வலதுகையில் மாரியின் நாலாவது கொட்டை இன்னும் இருந்தது. சுபேதார் ஐயா திரும்பி, "ஆச்சி, நாலும் சரிதான?" என்றார்.

கேள்வி வந்துவிட்டது. பதில் என் வாயில் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். நான் கொட்டையைச் சிரட்டையில் போட்டேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு கொட்டை.

மறுநாளும் மேகம். மறுநாளும் மூன்றாவது சுற்றில் ஒன்பது. அதற்கு மறுநாளும். மேகம் இறங்கியபடியே கிடந்தது, அவன் வெட்டியபடியே வந்தான். இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று விடியும்போது நினைப்பேன். ஓட்டம் முடியும்போது, நாளைக்கு அவனே நிறுத்திவிடுவான் என்று நினைப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுபேதார் ஐயா எல்லாரையும் ஐந்தருவிவரை ஓட்டிக்கொண்டு போனார். சீசன் நேரத்தில் அது அவர் வழக்கம். ஓடிக் களைத்த காலை அருவியில் கொடுத்தால் யானை மிதித்து எடுத்ததுபோல இருக்கும் என்பார். நான் வேனில் துண்டுகளோடும் இட்லி வாளியோடும் போனேன். தண்ணீர் நன்றாக விழுந்தது. பாறையில் பட்டுத் தெறிக்கிற தூளில் எல்லாரும் புகைக்குள் நிற்பதுபோல நின்றார்கள். யார் தலை எது என்று தெரியவில்லை. அந்த இரைச்சலுக்குள் நின்றபோது எனக்கு ஒரு தைரியம் வந்தது. இங்கே சொன்னால் யாருக்கும் கேட்காது, அவனுக்கு மட்டும் சொல்லிவிடலாம்.

மாரி துண்டு வாங்க வந்தான். உதடெல்லாம் நீலம், பல் தந்தியடித்தது. நான் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "எய்யா, நீ கல்லு வர போகல. எனக்குத் தெரியும்."

"என்ன ஆச்சி?"

இன்னொரு தடவை சொன்னேன்.

"கேக்கல ஆச்சி! சத்தமாச் சொல்லுங்க!" காதைக் கொண்டுவந்து என் வாய்க்குப் பக்கத்தில் வைத்தான். பிள்ளையின் காதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"துண்டு நனைஞ்சிட்டு, வேற தாறேன்னு சொன்னேன்" என்றேன்.

இப்படி ஒன்பது நாள் போனது. ஆள் எடுக்கிற தேதியை அறிவித்துவிட்டார்கள், இன்னும் பதினைந்து நாள் இருந்தது. போகிற இடத்து மைதானத்தில் மேகம் இறங்காது. அங்கே வெட்டி ஓட முடியாது. இதை நினைத்தபிறகு எனக்குப் படுக்கை கொள்ளவில்லை.

பத்தாவது நாள் காலையில் சிரட்டைகளைச் சாக்கில் போட்டுத் தூக்கினேன். "ஐயா, இங்கன காத்து முகத்துல அடிக்கி. நான் அங்கன பனை மறைவுல இருந்துக்கிடுதேன்" என்றேன். சுபேதார் ஐயாவிடம் நான் சொன்ன மிக நீளமான பேச்சு அதுதான். அவர் ஆச்சரியத்திலேயே சரி என்றுவிட்டார்.

கல்பலகைக்குப் பக்கத்தில், சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கோடு தெரியவில்லை. விசில் மட்டும் கேட்டது. முதல் சுற்றில் மேகத்திலிருந்து மாரி வந்தான். என்னைப் பார்த்தான். கண் ஒருநொடி விரிந்தது. கல் ரெண்டு தடவை ஆடியது. நான் கொட்டையைப் போட்டேன். ரெண்டாவது சுற்றும் அப்படியே. மூன்றாவது சுற்றில் ஒன்பது பேர் தாண்டிவிட்டார்கள். நான் காத்திருந்தேன். வெள்ளைக்குள் ஒரு காலடி பாதையிலிருந்து புல்லுக்கு இறங்குவது கேட்டது. ஓர் எட்டு. ஈரப்புல்லில் நின்றது. பிறகு பாதைக்கு ஏறி, ஓடிவந்து, டொக்-டொக்.

அன்றைக்கு அவனுக்கு ஐந்து நிமிடம் நாற்பத்தொரு நொடி.

சுபேதார் ஐயா ஒன்றும் புரியாமல் கத்துவது தூரத்தில் கேட்டது. நான் சிரட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாரி மைதானத்தைக் குறுக்கே நடந்து வந்து என் முன்னால் நின்றான்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"மொத நாளே தெரியும்யா."

"எப்படி?"

"கல்லு ஒம்போதுதான் சொல்லிச்சு. ஒன் சத்தத்தக் காணும்."

அவன் கல்மேல் உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபம்தான் படுகிறான் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது. குரலே ஏறவில்லை.

"மொத நாளு எங்கம்மைக்காகத்தான் வெட்டுனேன் ஆச்சி. பழத்தாரோட நிக்கா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளுன்னு நெனச்சேன். யாராவது கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயந்தேன். ரெண்டாம் நாளும் யாரும் கேக்கல. நாலாம் நாளு நானே நம்பிட்டேன். நெசமாவே ஓடுதேன்னு நம்பிட்டேன்."

"எனக்கு ஒம்மேல எரக்கம்யா."

"எரக்கம் இல்ல ஆச்சி. ஒங்களுக்குச் சொல்லக் கூச்சம். வாய் வரலன்னா என்ன, என் சிரட்டையக் கவுத்து வச்சிருந்தாப் போதும்லா. நான் ஒம்போது நாளு ஓடியிருப்பேன்."

அவன் சொன்னது சரி.

அவனே போய்ச் சுபேதார் ஐயாவிடம் சொன்னான். அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. ஐயா பனைமரம்வரை நடந்துவந்து, கல்லைக் காலால் மிதித்துப் பார்த்தார். டொக். இன்னொரு தடவை மிதித்தார்.

"இது இப்படிச் சொல்லுங்கது ஒனக்கு மட்டுந்தான் தெரியுமாக்கும்?"

"ஆமாய்யா."

"வேற என்னெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்க, தாயே?" என்றார். மேற்கொண்டு ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.

அதன்பிறகு பதினான்கு நாள். மாரியின் அம்மாவிடம் மாரி என்ன சொன்னானோ தெரியாது. மறுநாளிலிருந்து அவளும் விடியுமுன் வந்துவிட்டாள். காட்டுக்குப் போவதற்கு முன்னால் என்னோடு கல்லுக்குப் பக்கத்தில் உட்காருவாள். ஒரே சாக்குக்குள் ரெண்டு பேர். என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் கண்ணை மூடியதைப் பார்த்து அவளும் மூடிக்கொண்டாள். மேகம் எங்கள் மேலேயே போகும். ஈரப்பனை ஓலை தலைக்கு மேல் உரசும். தூரத்திலிருந்து காலடிகள் மழைபோல வரும், கல்லில் விழும், போகும்.

மூன்றாவது நாளோ என்னவோ, டொக்-டொக் என்று விழுந்ததும் என் கையைப் பிடித்தாள். "இது எம்புள்ளையா மதினி?"

"ஆமா. ஒம்புள்ளதான்."

"இவ்வளவு கனமாவா மிதிக்கான்" என்றாள். கண்ணைத் திறக்கவில்லை.

ஐந்து நாற்பத்தொன்று, நாற்பதானது. முப்பத்தெட்டானது. முப்பத்தைந்தானது. கடைசி நாள் காலையில் முப்பத்துமூன்று. சுபேதார் ஐயா, "போ, அங்கன கூட்டம் இழுக்கும், ரெண்டு மூணு நொடி தானா வந்துரும்" என்று முதுகில் தட்டி வேனில் ஏற்றினார்.

அவர்கள் போன அன்றைக்கு நான் ஆளில்லாத மைதானத்தில் உட்கார்ந்திருந்தேன். எண்ண ஒன்றும் இல்லை. மறுநாள் மாலை வேன் வந்தது. மூன்று பேர் குதித்து இறங்கினார்கள், தேறியவர்கள். மாரி கடைசியாக இறங்கி நேரே என்னிடம் வந்தான்.

"நாலும் முழுசா ஓடுனேன் ஆச்சி."

"தெரியும்யா."

"அங்கன நேரம் முடிஞ்சதும் கயிறு போட்டு மறிப்பாங்க. கயிறு என் நெஞ்சுல வந்து மோதுச்சு. கைய நீட்டுனா அந்தப் பக்கம். எனக்கு முன்னால ஓடுனவன் முதுக என் கையால தொட்டேன்."

நெஞ்சில் கயிறு பட்ட இடம் சிவந்திருந்தது. சட்டையை இறக்கிக் காட்டினான், அடிபட்ட பிள்ளை காட்டுவதுபோல.

எனக்குத் தெரிந்தது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. பதினான்கு நாளில் அவன் எட்டு நொடி குறைத்தான். இன்னும் ஒன்பது நாள் இருந்திருந்தால் ஐந்து நொடி. கயிற்றுக்கு அந்தப் பக்கம். இந்தக் கணக்கை நான் அவனிடம் சொல்லவில்லை. அவன் பன்னிரண்டு படித்தவன், எனக்கு முன்பே போட்டிருப்பான். ஒருதடவைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. அதனால் நானே போட்டுக்கொள்கிறேன். சாரல் நாளில் விழிக்கும்போது இப்போதும் போடுகிறேன்.

உங்களுக்கு நான் சொல்ல இருந்தது இதுதான். இப்போது நீங்கள் செல்போனில் சுற்று எண்ணுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் மேகம் இறங்குகிற நாளில் உங்களில் ஒருவர் பனைமரத்துப் பக்கம் போய் உட்காருங்கள். ஒன்பது கேட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். பக்கத்தில் யார் அழுதாலும், யார் பழம் கொடுத்தாலும் சொல்லுங்கள். உங்களில் என்னைப்போல வாய் வராதவர் இருந்தால் வெட்டி ஓடியவன் பெயருக்கு ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். மாரி கயிற்றிலிருந்து திரும்பிய பிறகு நான் ஐந்து பேருக்கு அப்படிக் கவிழ்த்திருக்கிறேன். நாலு பேர் மறுநாள் ஓடினார்கள். ஒருவன் திரும்பி வரவே இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்லைப் பெயர்த்து சிமெண்டு பூசலாம் என்று உங்களில் யாரோ சொன்னதாகக் கேள்வி. வேண்டாம். ஆடட்டும்.

என் கடைசி நாள் காலையில் நல்ல மேகம் இருந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். மைக்கும் நாற்காலியும் பிறகுதான் வந்தது. விசில் ஊதியது வழக்கம்போல மாரி. வயது தாண்டியபிறகு அவனைச் சுபேதார் ஐயா இங்கேயே வைத்துக்கொண்டார். நீங்கள் மாரி அண்ணன் என்று கூப்பிட்டுப் பயப்படுகிறவன்தான். நான் கல்லுக்குப் பக்கத்தில் பத்துச் சிரட்டையோடு உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

முதல் சுற்றில் பத்துச் சத்தம் விழுந்தது. கொட்டைகளைப் போட்டேன். மறுபடி ஒரு சத்தம் வந்தது, பதினோராவது. தனியாக, எல்லாருக்கும் பின்னால்.

டொக்-டொக்.

கண்ணைத் திறப்பதற்குள் மேகத்துக்குள் போய்விட்டான். கழுத்தில் விசில் ஆடுகிற சத்தம் மட்டும் இருந்தது. ரெண்டாவது சுற்றிலும் பதினொன்று. மூன்றாவது சுற்றிலும். பதினோராவது சிரட்டை என்னிடம் இல்லை.

நாலாவது சுற்றும் முடிந்து எழுந்தபோது என் மடியில் நாலு கொட்டை இருந்தது.